669 குழந்தைகளும் ஒரு ரயில் கதவும்

ஜெர்மனியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஆபீசில் ஆளைத் தேடினால் பூந்தொட்டிதான் பதில் சொல்ல வேண்டும். அங்கே சனி, ஞாயிறு என்பது அவ்வளவு புனிதம். புதிதாகப் போய் இறங்கும் நம் ஆட்கள் முதல் நாலு வாரம் தூங்குவார்கள். அடுத்த நாலு வாரம் துணி துவைப்பார்கள். ஒன்பதாவது வாரம், "எங்கேயாவது போகலாமா சார்?" என்பார்கள். பெர்லினில் வேலை பார்த்தால் அதற்கு ஒரு சுலபமான பதில் இருக்கிறது. ப்ராக்!

ரயிலில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. நாங்கள் நாலு பேர். ஒருவர் கோவை. ஒருவர் மதுரை. ஒருவர் ஸ்ரீரங்கத்து வைஷ்ணவர், சாப்பாட்டில் மட்டும் சைவம். அப்புறம் அடியேன். டிரெஸ்டன் தாண்டியதும் எல்ப நதி ரயிலோடு கூடவே ஓடி வருகிறது. கரையெல்லாம் உயரமான மணற்கல் பாறைகள். டைனிங் காருக்குப் போன கோவைக்காரர் எதையும் பார்க்கவில்லை. எல்லை தாண்டிய பிறகுதான் திரும்பி வந்தார்.

மதுரைக்காரருக்கு வேறு வேலை. செக் நாட்டில் யூரோ கிடையாது, கொருனா. ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 25 கொருனா. மனுஷர் எந்த விலையைப் பார்த்தாலும் 25-ஆல் வகுத்து, யூரோவாக்கி, மறுபடி ரூபாயாகப் பெருக்கி, "ஆத்தாடி, ஒரு காப்பி இம்புட்டா!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அதற்குள் காப்பி ஆறிவிடும்.

சனிக்கிழமை முழுக்க மாமூல் சுற்றல். 1357-ல் நாலாம் சார்லஸ் மன்னர் ஆரம்பித்த கல் பாலம். 516 மீட்டர் நீளம், 30 சிலைகள். 1841 வரை ப்ராகில் வல்டாவா நதியைக் கடக்க இந்த ஒரே பாலம்தான். (இப்போது அதில் நடப்பது தீபாவளிக்கு முதல் நாள் ரங்கநாதன் தெருவில் நடப்பது மாதிரி!) பழைய டவுன் ஹால் சுவரில் 1410-ஆம் வருஷத்துக் கடிகாரம். மணிக்கொரு தரம் ஓர் எலும்புக்கூடு மணியடிக்க, ஜன்னலில் இயேசுவின் சீடர்கள் வரிசையாகத் தலைகாட்ட, கடைசியில் சேவல் கூவுகிறது. சட்டென்று முடிந்துவிடுகிறது. "ஏனுங்க, இதுக்கா அரை மணி நேரம் நின்னோம்?" என்றார் கோவை. ஸ்ரீரங்கம் இரண்டு நாளும் பொரித்த சீஸை வைத்தே உயிர் வாழ்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெயின் ஸ்டேஷன். பெர்லின் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. முதல் பிளாட்பாரத்தில் ஒரு சிலை. ஒரு இளைஞர், அவரோடு இரண்டு குழந்தைகள், ஒரு பெட்டி.

நிக்கோலஸ் விண்ட்டன். லண்டனில் பங்குத் தரகர், வயது 29. அதாவது நம்மைப்போல ஆபீஸ் போகிற ஆசாமி. 1938 டிசம்பரில் லீவுக்கு சுவிட்சர்லாந்து போய்ப் பனிச்சறுக்கு விளையாடுவதாக இருந்தார். நண்பர் ஒருவர், "அதை விட்டுட்டு ப்ராக் வா" என்று கூப்பிட, வந்தார். செக் எல்லைப் பகுதிகளை ஹிட்லர் ஏற்கெனவே விழுங்கியிருந்தார். ஊர் முழுக்க அகதிகள், அதில் யூதர்கள் நிறைய. குழந்தைகளை பிரிட்டன் ஏற்றுக்கொள்ளும்; ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் வளர்க்க ஒரு குடும்பமும் 50 பவுண்டு டெபாசிட்டும் காட்ட வேண்டும்.

லீவு முடிந்ததும் விண்ட்டன் வேலைக்குத் திரும்பினார். பகலில் பங்குச் சந்தை, சாயங்காலத்துக்கு மேல் குடும்பம் தேடும் வேலை. ப்ராகில் டோரீன் வாரினர், ட்ரெவர் சாட்விக் போன்றவர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். 1939 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை எட்டு ரயில்கள். 669 குழந்தைகள். ஒன்பதாவது ரயில், சுமார் 250 குழந்தைகளோடு, செப்டம்பர் 1-ஆம் தேதி கிளம்புவதாக இருந்தது. அன்றைக்குத்தான் ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்தார். ரயில் கிளம்பவில்லை.

அதே ஸ்டேஷனில் 2017-ல் வைத்த ஒரு ரயில் கதவும் இருக்கிறது. கதவுக் கண்ணாடியில் ஒரு பக்கம் குழந்தைகளின் கைத்தடங்கள், மறுபக்கம் பெற்றோரின் கைத்தடங்கள். அந்தப் பெற்றோர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளை மறுபடி பார்க்கவே இல்லை.

மதுரைக்காரருக்கு நாலு வயசில் ஒரு பெண். ஊரில் அம்மாவோடு இருக்கிறாள். இவர் பார்த்துப் பதினாலு மாசம். "இந்த ப்ராஜெக்ட் முடியட்டும்" என்றே லீவு தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. மனுஷர் பேசாமல் செல்போனை எடுத்து வீட்டுக்கு வீடியோ போட்டார். பின்னால் சிலை தெரிந்திருக்க வேண்டும்.

"அப்பா, அது எந்த மாமா?"

"நிறையப் பிள்ளைகளை ரயிலேத்தி விட்ட மாமா, தாயி."

"அவங்க அப்பால்லாம் கூடப் போனாங்களா?"

மதுரைக்காரர் கொஞ்ச நேரம் எங்கேயோ பார்த்தார். "நெட்வொர்க் சரியில்லை தாயி, அப்புறம் பேசறேன்" என்றார்.

நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.

விண்ட்டன் தான் செய்ததைப் பெரிதாக வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. 1988-ல் ஒரு பி.பி.சி. நிகழ்ச்சிக்குப் பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 2015-ல், 106-ஆவது வயதில் காலமானார்.

திங்கட்கிழமை காலை மதுரைக்காரர் மூன்று வாரம் லீவு எழுதிக் கொடுத்தார். "அவசரமா?" என்று கேட்டாராம் மேலதிகாரி. "அவசரம்தான்" என்றாராம். பள்ளி விடுமுறைக் காலம். விமான டிக்கெட் விலை ஆகாயத்தில் இருந்தது. உடனே வாங்கிவிட்டார்.

"ரூபாயில் எவ்வளவுங்க வருது?" என்று கோவைக்காரர் வம்புக்கு இழுத்தார்.

"பெருக்கிப் பார்க்கலை" என்றார்.