மான் தீவின் பந்தய வீதியிலே

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே கடல் நடுவிற் கிடப்பது மான் தீவு. யூன் மாதத் தொடக்கத்தில் நாம் அங்கு சென்றபோது, மோட்டார்ச் சைக்கிள் ஓட்டப் பந்தயத்துக்காகப் பொது வீதிகளையே அடைத்திருந்தனர். டக்ளஸ் நகரின் பிரே குன்றுச் சரிவில், எமக்கருகே இருந்த முதியவர் இருவர் ஓயாது வழக்காடினர்.

ஒருவர் நோட்டன் கட்சி. 1907இல் நடந்த முதற் பந்தயத்திலேயே இரட்டைச் சிலிண்டர்ப் பிரிவில் நோட்டன் வென்றதை நேற்று நிகழ்ந்ததுபோற் கூறினார். "அதன் எந்திரம் பிரெஞ்சுப் பேஜோ அல்லவா?" என மடக்கினார் மற்றவர். அவர் ஹொண்டாக் கட்சி. 1959இல் முதன்முதல் வந்த யப்பானியர், 1961இல் 125, 250 சீ.சீ. பிரிவுகள் இரண்டையும் கைப்பற்றியதே அவருடைய ஆயுதம். "இரண்டிலும் ஓட்டியவர் மைக் ஹெயில்வூட். அதே வாரம் சீனியர் பந்தயத்தை அவர் வென்றது நோட்டனில்!" என்றார் முன்னவர். அப்படியாயின் பெருமை வண்டியினதா, ஓட்டியினதா? நாம் வாய் திறக்கவில்லை.

மலைமீதேறி மீளும் சுற்றொன்று 37.73 மைல். கல்மதில்களுக்கும் வீட்டு வாயில்களுக்கும் நடுவே செல்லும் அப்பாதை, 1911 தொட்டு 250க்கு மேற்பட்ட ஓட்டிகளைப் பலிகொண்டுள்ளது.

இரண்டாஞ் சுற்றில் ஒருவர் வரவேண்டிய வேளையில் வரவில்லை. முதியவர்களின் வழக்கு அறுந்தது. இருவரும் வீதியையே நோக்கியிருந்தனர். நெடுநேரத்தின் பின் ஒலிபெருக்கி பேசிற்று: எந்திரக் கோளாறு, ஆளுக்குத் தீங்கில்லை.

"எந்த வண்டி?" என்றார் நோட்டன் கட்சியார்.