பசியே தூண்டில்

இலை போட்டு அழைத்தவரிடம் பகை பாராட்டலாகாது என்பது நம் வீடுகளில் வழங்கும் தர்மம். அமெரிக்காவின் வடபகுதி ராஜ்யங்கள் சிலவற்றில் நடக்கும் மான் வேட்டையைப் பற்றிப் படித்தபோது அந்தத் தர்மம்தான் நம் நினைவுக்கு வந்தது.

அங்கே டிசம்பரில் துப்பாக்கிகளின் ஆரவாரம் ஓய்ந்த பிறகும் வில் வேட்டை தொடர்கிறது. பனி மூடிய காட்டில் மான்களுக்குச் சுள்ளி நுனிகளே ஆகாரம். வில்லாளி மக்காச்சோளத்தைக் குவித்துவிட்டு, இருபது முப்பது கஜ தூரத்தில் மரத்தின் மேல் காத்திருக்கிறார். அருகிலிருந்து எய்தால் மான் அதிகம் துடிக்காமல் மாளும் என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் அந்தச் சோளம் அம்பு படாத மானையும் விடுவதில்லை. சுள்ளிக்குப் பழகிய வயிற்றில் திடீரென்று தானியம் நிறைந்தால், அமிலம் மிகுந்து மான் மடிவதுண்டு. பல வாய்கள் ஓரிடத்தில் கூடுவதால் உமிழ்நீர் வழியே நோயும் பரவுகிறது. விஸ்கான்ஸின் காடுகளில் 2002-ல் கண்டறியப்பட்ட, மூளையை அரித்து உடலை உருக்கும் நோய்க்கு மருந்தே கிடையாது. அதன் விஷம் மண்ணிலும் பல்லாண்டு தங்கும். மிச்சிகன் ராஜ்யம் 2019-ல் தன் கீழ்த் தீபகற்பத்தில் இரை வைப்பதற்குத் தடை விதித்தது இதனால்தான்.

வேட்டையே கூடாதென்று நாம் பிரசங்கம் செய்ய வரவில்லை. வில்லாளி தடம் அறிந்து தேடிச் செல்லட்டும். பசியைத் தூண்டிலாக்க வேண்டாம் என்பதே நம் விண்ணப்பம்.