பெரியப்பாவின் கிளாரினெட்

போன வாரம் தங்கமணியின் ஆபீஸ் தோழி இரண்டு டிக்கெட் கொடுத்தார். இந்திரா நகரில் ஸ்விங் ஜாஸ் கச்சேரி. ஜாஸ் என்றால் ஹோட்டல் லிஃப்டில் ஓடும் பாட்டு என்ற அளவில்தான் நமக்கு ஞானம். ஓசி டிக்கெட்டாச்சே என்று கிளம்பினேன்.

மேடையில் எட்டு பேர், பாதிப்பேர் சாஃப்ட்வேர் ஆட்களாம். ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸபோன், ஆளுயர டபுள் பேஸ். மேடைக்கு முன்னால் நாற்காலியே போடவில்லை. ஏன் என்று முதல் பாட்டிலேயே புரிந்தது. பேஸ்காரர் யாரோ விறுவிறுவென்று நடக்கிற மாதிரி நாலு தட்டு விடாமல் போட, ஜோடி ஜோடியாக ஆட இறங்கிவிட்டார்கள். ஆட்டத்துக்குப் பெயர் லிண்டி ஹாப். நியூயார்க் ஹார்லெமில் 1926-ல் திறந்த சவோய் அரங்கில் கறுப்பின இளைஞர்கள் வளர்த்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடிய இடம். அந்தக் கால அமெரிக்காவில் அது அபூர்வம்.

நான்காவது பாட்டில் ஒரு பையன் கிளாரினெட்டை எடுத்தான். ஊதுவதற்கு முன் ரீடை நாக்கில் வைத்து நனைத்தான். எனக்கு திக்கென்றது. அப்படியே பெரியப்பா!

திருச்சியில் பெரியப்பா கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட். சிவப்புக் கோட்டு, தோளில் ஜரிகை. 1999, நான் பி.காம். இரண்டாம் வருடம். நண்பர்களோடு பாலக்கரையில் நிற்கிறேன். எதிரே மாப்பிள்ளை ஊர்வலம். தலையில் டியூப்லைட் சுமந்து வரும் பெண்கள், பின்னால் ஜெனரேட்டர் வண்டி, நடுவில் பெரியப்பா. என்னைப் பார்த்ததும் வாசித்துக்கொண்டே கிளாரினெட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. 2011-ல் போய்ச் சேர்ந்தார்.

இந்த வாரம் நரேஷ் ஃபெர்னாண்டஸ் எழுதிய ‘தாஜ்மகால் ஃபாக்ஸ்ட்ராட்’ புத்தகத்தை வாங்கிப் படித்தேன். 1935-லேயே லியோன் ஆபியின் கறுப்பினக் குழு பம்பாய் தாஜ் ஹோட்டலில் வாசித்திருக்கிறது. பிறகு அந்த மேடைகளில் கோவாக்காரர்கள். அவர்களில் ட்ரம்பெட் வாசித்த சிக் சாக்லேட்டுக்கு ‘இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்’ என்றே பெயர். 1951-ல் ‘அல்பேலா’ படத்தில் சி. ராம்சந்திராவின் பாட்டுக்குப் பின்னால் இருந்தவர். ராத்திரி ஹோட்டல், பகலில் சினிமா ஸ்டுடியோ என்று ஓடியவர்கள் நிறைய. ஆடியவர்களுக்குப் பாட்டு ஞாபகம் இருந்தது, வாசித்தவன் பெயர் இல்லை.

எல்லாமே கூலிக்கு வாசித்து அடுத்தவரை ஆடவைத்த பிழைப்புதான். பெரியப்பா செய்ததும் அதேதான். தெருவில் கேட்டபோது வெட்கப்பட்ட எனக்கு, ஏ.சி. ஹாலில் கேட்டதும் கை தட்டத் தோன்றியிருக்கிறது.

கச்சேரி முடிந்ததும் அந்தப் பையனிடம் போய், "எங்க பெரியப்பாவும் கிளாரினெட்தான், பேண்டு செட்டுல" என்றேன். வெளியாளிடம் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "அப்படியா சார், என்னவெல்லாம் வாசிப்பார்?" என்று ஆர்வமாகக் கேட்டான். எம்.எஸ்.வி. பாட்டு என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை.

காரில் தங்கமணி, "பதினாறு வருஷத்துல என்கிட்ட ஒரு தடவைகூட சொல்லலையே?" என்றார். பதில் இல்லை.

மறுநாள் பெரியம்மாவுக்கு போன் போட்டேன். கிளாரினெட் பெட்டி இன்னும் பரணில்தான் இருக்கிறதாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம்.