பெண்கள் வரிசை

சென்னையில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் மதுரையில் இறக்கி விடுகிறது விமானம். ஆனால் ஏறுவதற்கு முன்னால், பாதுகாப்புச் சோதனைக்காக நிற்கிறோமே, அதற்குத்தான் கணக்கே கிடையாது. அதிலும் பெண்கள் வரிசை இருக்கிறதே, அது தனிக் கதை!

ஆண்களை வெளியிலேயே நிறுத்திச் சோதித்து அனுப்பி விடுகிறார்கள். நமக்குத் திரை மறைவு வேண்டும்; பெண் காவலர் வேண்டும். நியாயந்தான். ஆனால், ஒருத்தி திரைக்குள் போய், மேடை மேல் ஏறி, கைகளை விரித்து, திரும்பி நின்று, வெளியே வந்த பிறகுதானே அடுத்தவள் நுழைய முடியும்?

சமீபத்தில் ஒரு விமான நிலையத்தில் ஆண்களுக்கு நான்கு வரிசை. பெண்களுக்கு ஒன்றே ஒன்று. எனக்கு முன்னால் கைக்குழந்தையுடன் ஒரு பெண். தகப்பனாருக்கு உடம்பு மோசம் என்று போன் வந்து, போட்டது போட்டபடி கிளம்பியவள். "அக்கா, விமானம் போயிடுமோ?" என்று கண் கலங்கினாள். முன்னால் நின்றவர்களிடம் சொன்னேன். அத்தனை பேரும் ஒதுங்கி வழி விட்டார்கள். விமானம் கிடைத்து விட்டது. ஆனால் எப்போதும் அடுத்தவர் தயவையே நம்பியிருக்க முடியுமா?

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஆளுக்கு 20 விநாடி கூடுதலாக ஆனால், 60 பேருக்குப் பின்னால் நிற்பவளுக்கு 20 நிமிஷம் போயிற்று! சோதனையை அரைகுறையாகச் செய்ய வேண்டாம். இன்னொரு திரையும் இன்னொரு பெண் காவலரும் இருந்தால் அந்தக் காத்திருப்பு ஏறக்குறைய பாதியாகி விடும்.

2022 டிசம்பரில் டில்லி விமான நிலையத்தில் கூட்டம் நெரிந்தபோது இப்படித்தான் செய்தார்கள். எக்ஸ்ரே யந்திரங்களையும் காவலர்களையும் அதிகப்படுத்தினார்கள். அதே மாதம் டில்லி, பெங்களூர், காசி நிலையங்களில் 'டிஜி யாத்ரா' வந்தது. முகத்தைப் பார்த்தே கதவு திறக்கிற ஏற்பாடு அது. நல்லதுதான். ஆனால் கதவைத் தாண்டித் திரைக்கு வந்து விட்டால், அங்கே பெண் காவலர் இருந்தால்தான் காரியம் நடக்கும்.

நம் பங்கும் கொஞ்சம் உண்டு. டெலிபோன், லாப்டாப், பவர் பாங்க் மூன்றையும் கேட்டவுடன் எடுக்கும்படி பைக்குள் மேலாக வையுங்கள். ஊறுகாய் ஜாடி பெரிய பெட்டியில் போகட்டும்.

அடுத்த முறை போகும்போது பெண்களுக்கு எத்தனை திரை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான் என்றால், ஊர் போய்ச் சேர்ந்ததும் அந்த நிலையத்து அதிகாரிக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள், சகோதரிகளே!