களைத்துப்போன உலோகம்

கட்டுக்கம்பியை அறுக்கக் கையில் குறடு இல்லாவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? ஒரே இடத்தில் இப்படியும் அப்படியுமாகப் பத்துத் தரம் வளைக்கிறோம். பதினோராவது தரம் பட்டென்று இரண்டாகிவிடுகிறது. இழுத்து அறுக்கப் பீமசேனன் வர வேண்டும். வளைத்து ஒடிக்கச் சின்னப் பையன் போதும். இந்த அற்ப விஷயம் எத்தனையோ உயிர்களைக் குடித்திருக்கிறது.

இதற்கு இங்கிலீஷ்காரர்கள் வைத்த பெயர் 'உலோகக் களைப்பு'. எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. களைத்த மாடு ராத்திரி வைக்கோல் தின்று படுத்தால் காலையில் எழுந்து வண்டி இழுக்கும். உலோகத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பத்து வருஷம் சும்மா போட்டு வைத்தாலும் பட்டது பட்டதுதான். மறுபடி வேலை வாங்கும்போது விட்ட இடத்திலிருந்து கணக்குத் தொடரும்.

உலோகம் என்பது உள்ளே பொடிப்பொடியான மணிகளால் ஆனது. தாங்கக்கூடிய பாரந்தான் என்றாலும், ஆயிரம் தடவை, லட்சம் தடவை ஏற்றி இறக்கினால் மணிகளுக்குள் அணுக்களின் வரிசை சற்றே வழுக்குகிறது. ஆணித் துவாரத்தின் ஓரமோ, கூரான மூலையோ, ஒரு கீறலோ இருந்தால் அங்கே விசை குவிந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் பிறக்கிறது. ஒவ்வொரு தடவையும் அது மயிரிழையில் மிகச் சிறிய பங்கே முன்னேறும். மிச்சமுள்ள உலோகத்தால் தாங்க முடியாத அன்று ஒரு நொடியில் முறிவு. முறிந்த முகத்தில், கடலலை மணலில் விட்டுப்போன கோடுகளைப் போல வளைவு வளைவாகத் தடம் தெரியும். கடைசியில் முறிந்த இடம் மட்டும் கரடுமுரடாக இருக்கும். எஃகுக்காவது ஓர் எல்லை உண்டு. அதற்குள் வேலை வாங்கினால் நெடுங்காலம் உழைக்கும். விமானம் செய்யும் அலுமினியக் கலவைக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது.

இதை வைத்து 1948-ல் 'நோ ஹைவே' என்று ஒரு நாவலே எழுதினார் நெவில் ஷூட். அவரே விமான எஞ்சினீயர். இளமையில் டி ஹாவிலண்ட் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவருடைய கதாநாயகன் ஹனி ஒரு கோணங்கி விஞ்ஞானி. ஒரு புது ரக விமானத்தின் வால் 1,440 மணி நேரம் பறந்ததும் முறியும் என்று கணக்குப் போடுகிறார். யாரும் நம்புவதாயில்லை. வால்தான் புத்தம் புதிதாக மின்னுகிறதே! நம்மைப் போன்ற கதைக்காரர்கள் நடந்ததை எழுதிவிட்டுக் கற்பனை என்று சாதிப்போம். ஷூட் கற்பனையை எழுதினார், அது நடந்துவிட்டது.

அதே டி ஹாவிலண்ட் கட்டிய காமெட், உலகில் முதன்முதல் பிரயாணிகளை ஏற்றிச் சென்ற ஜெட் விமானம். 1954 ஜனவரி 10-ம் தேதி ஒரு காமெட் எல்பா தீவருகே வானத்திலேயே சிதறி, 35 பேர் மாண்டார்கள். சில வாரங்கள் நிறுத்தி வைத்து, என்னென்னவோ திருத்தங்கள் செய்து, மீண்டும் பறக்கவிட்டார்கள். ஏப்ரல் 8-ம் தேதி நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று, 21 பேர். அப்புறந்தான் பார்ன்பரோவில் ஒரு காமெட்டின் உடலைப் பெரிய தொட்டியில் அமிழ்த்தி, உள்ளே தண்ணீரை அழுத்துவதும் தளர்த்துவதுமாகச் சோதித்தார்கள். உயரே போனால் கூண்டு காற்றடைத்த பந்துபோல் விம்மி, கீழே வந்தால் தளர்கிறதல்லவா, அதற்கு ஈடு. நிஜமாகப் பறந்ததையும் சேர்த்து 3,057 பறப்புகளில் ஒரு திறப்பின் மூலையிலிருந்து கிழிந்தது. எல்பாவில் விழுந்தது 1,290 தடவைதான் பறந்திருந்தது.

பாடம் கற்றார்கள், ஆனாலும் கதை முடியவில்லை. 1988 ஏப்ரல் 28-ம் தேதி ஹவாய்த் தீவுகளில் ஒரு போயிங் 737-ன் முன்பக்கக் கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஒரு பணிப்பெண் வெளியே வீசப்பட்டாள். மற்றவர்களோடு விமானம் எப்படியோ தரையிறங்கியது. அந்த 19 வயது விமானம் 89,680 தடவை பறந்தது; ஆணித் துவாரங்களை ஒட்டி விரிசல்கள் வளர்ந்திருந்தன. விசாரணையில் ஒரு பிரயாணி சொன்னார்: ஏறும்போதே கதவருகில் நீளமாக ஒரு விரிசலைப் பார்த்தாராம். யாரிடமும் சொல்லாமல், உள்ளே போய்த் தம் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.