அவுட்புட் போயிருக்கும்

அப்பா திருவாரூரில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் போவார். இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ரெக்கார்ட் பிளேயர், நான்கு வால்வு போட்ட ஓர் ஆம்ப்ளிஃபயர். ஊரில் மற்றவர்கள் டிரான்சிஸ்டர் செட்டுக்கு மாறிய பிறகும் அவர் அதை விடவில்லை.

1991-ல் எனக்குப் பதினாறு வயது. மறுநாள் பக்கத்துக் கிராமத்தில் திருவிழாக் கச்சேரி. மெல்லிசைக் குழுவின் கிடார்காரர் தன் எலெக்ட்ரிக் கிடாரை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். எல்லாரும் தூங்கிய பிறகு அதை ஆம்பில் செருகினேன். சத்தம் வெளியே போகக் கூடாதென்று ஸ்பீக்கரை மட்டும் மாட்டவில்லை. கம்பியைத் தட்டியதும் ஆம்புக்குள்ளிருந்த இரும்புக் கட்டி கொசு மாதிரி மெல்லிசாக அதே ஸ்வரத்தைப் பாடியது. மூன்று மணி வரை அதற்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மேடையில் வால்வுகள் எரிந்தன. செட் பேசவில்லை. மைக்கிலும் வரவில்லை, ரெக்கார்டிலும் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் அப்பா வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது. வேறொருவரின் செட்டைக் கொண்டுவந்து கட்டினார். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் ஒரு மெக்கானிக் மூடியைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "அவுட்புட் போயிருக்கும். சுத்தணும்னா செட்டு வெலை ஆயிடும்." ஆம்ப் பரணுக்குப் போனது.

பாலிடெக்னிக்கில் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறும். சுற்றுகளின் காப்பு கிழிந்துபோகும். நான் கேட்ட கொசுப் பாட்டு அந்த டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகள் அதிர்ந்தது. மெக்கானிக்கின் ஊகமும் என் தப்பும் கச்சிதமாகப் பொருந்திவிட்டன. அப்படிப் பொருந்திய ஒன்றை யாரும் அளந்து பார்ப்பதில்லை. அப்பாவிடம் சொல்லவும் இல்லை.

போன பங்குனியில் வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது ஆம்ப் கீழே வந்தது. வால்வுகளைத் துடைத்துப் பார்த்தேன். இரண்டு இஎல்34, இரண்டு இசிசி83. கிடார்காரர்கள் இன்றும் தேடி வாங்கும் மார்ஷல் ஆம்ப்களில் இருப்பதும் இவைதான். அவர்களுக்காகவே ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் இன்னும் வால்வு செய்கிறார்கள்.

கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் டிரான்ஸ்ஃபார்மரை மீட்டரில் பார்த்தேன். நடு முனையிலிருந்து ஒரு பக்கம் 112 ஓம், மறு பக்கம் 119. சுற்று அறுந்திருக்கவில்லை. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. காப்பு கிழிந்திருந்தால் ஓம் கணக்கில் தெரியாது.

பழைய கண்டன்சர்களை மாற்றினேன். 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் கட்டி, ஸ்பீக்கரை மாட்டி, சுவிட்சைப் போட்டேன். உள்ளே 400 வோல்ட் ஓடும். அணைத்த பிறகும் கண்டன்சரில் தங்கியிருக்கும். "ஒரு கையைப் பாக்கெட்ல வச்சுக்க" என்று அப்பா திண்ணையிலிருந்து சொன்னார்.

ஸ்பீக்கரில் காதை வைத்தால் லேசாக 'ம்ம்' என்றது. அந்த ஒரு 'ம்ம்' போதும். ஸ்பீக்கர், டிரான்ஸ்ஃபார்மர், கடைசி இரண்டு வால்வு மூன்றும் உயிரோடு இருக்கின்றன. பழுது அதற்கு முன்னால். பெரிய வால்வுகளில் 390 வோல்ட் இருந்தது. சின்ன வால்வுகள் இரண்டிலும் பூஜ்யம். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே மேலே போவோம் இல்லையா, அப்படி ஒயரைப் பிடித்துக்கொண்டு போனேன். நடுவில் ஒரு ரெசிஸ்டர். இந்தப் பக்கம் 390, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அணைத்து, கண்டன்சரை வடியவிட்டு, ஒரு காலைக் கழற்றி அளந்தேன். உள்ளே அறுந்திருந்தது. சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு: 22 கிலோ ஓம்.

ஸ்பீக்கர் மாட்டாததால் போகிற பொருள் இல்லை அது. வருஷக்கணக்காகச் சூட்டில் வெந்தது. அன்றைய ராத்திரி மூன்று மணி வரை ஓடிய சூடு அதைக் கடைசிப் படிக்குத் தள்ளியிருக்கலாம். அதை எந்த மீட்டரும் சொல்லாது.

புதிதைப் பற்றவைத்துவிட்டு அப்பாவிடம் போய் உட்கார்ந்தேன். "அப்பா, அந்தத் திருவிழாவுக்கு மொதநா ராத்திரி..."

"தெரியும்டா. நாலு மணிக்கு வண்டியில ஏத்தறப்ப ஆம்ப் சூடா இருந்துச்சு."

"அப்ப ஏன் கேக்கல?"

"பிரிச்சுப் பார்த்து, ஒன்னாலதான்னு தெரிஞ்சிருந்தா அடி பின்னியிருப்பேன். அதான் பிரிக்கல."

கொஞ்ச நேரம் கழித்து, "அது என்ன வெலை?" என்றார்.

"ரெண்டு ரூபா."

ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வந்து மைக்கை எடுத்தார். ஒரு தட்டுத் தட்டினார். ஊதினார்.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ."

எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.