பிழைதான், ஆனால் திருத்த மாட்டோம்

தரம் 10 குடியியற் கல்விப் பாடம். நீதித்துறையின் சுதந்திரம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். "கோர்ட் சொன்னத்த அரசாங்கமே கேக்காட்டி யாரு டீச்சர் புடிக்கிற?" என்று கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டார். பரீட்சைக்கு வராத கேள்வி. ஆனாலும் விட மனமில்லை. அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொன்னேன்.

எல் சல்வடோரில் ஒரு குடும்பம் வீட்டிலேயே சோள ரொட்டி சுட்டு விற்றது. ஒரு கும்பல் கப்பம் கேட்டு மிரட்டியது. மகன் 16 வயதளவில் அமெரிக்காவுக்குத் தப்பி ஓடினார். ஆவணம் இல்லாமல்தான் போனார். பெயர் அப்ரெகோ கார்சியா. மேரிலாந்தில் மனைவி, பிள்ளை என்று வாழ்ந்தார். 2019இல் ஒரு குடிவரவு நீதிபதி இவரை எல் சல்வடோருக்கு அனுப்பக் கூடாது என்று தீர்ப்பளித்தார். வேறு நாட்டுக்கு அனுப்ப அந்தத் தீர்ப்பில் தடையில்லை.

2025 மார்ச் 15, கூடாது என்ற அந்த ஒரு நாட்டுக்கே விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். செகொட் என்ற பெருஞ்சிறையில் அடைத்தார்கள். பிறகு அரசாங்கமே நீதிமன்றத்தில் "நிர்வாகப் பிழை" என்று எழுதிக் கொடுத்தது. ஆனால் ஆள் இப்போது வேறு நாட்டின் கையில் இருக்கிறார், எங்களால் என்ன செய்ய முடியும் என்றும் சொன்னது.

பிள்ளைகளிடம் கேட்டேன்: புள்ளி கூட்டினதுல நான் பிழை விட்டா, "பிழைதான், ஆனா ரிப்போட் உங்கட வாப்பாட கைக்குப் போயிட்டு, இனி ஏலாது" என்று சொல்லலாமா? வகுப்பே சிரித்தது.

ஏப்ரல் 10, உச்ச நீதிமன்றம் அவருடைய விடுதலைக்கு "வழிசெய்ய" வேண்டும் என்றது. அடுத்த சண்டை அந்தச் சொல்லில்! அந்த நாடு அனுப்பினால் விமானம் கொடுப்போம், அவ்வளவுதான் என்றது அரசாங்கம். ஜூனில்தான் கொண்டுவந்தார்கள், அதுவும் ஆவணமில்லாதவர்களை ஏற்றிச் சென்றார் என்ற குற்றச்சாட்டோடு. அவர் அதை மறுத்தார்.

நம் நாட்டுத் தமிழ்க் குடும்பம் ஒன்றை 2019இல் அவுஸ்திரேலியா திருப்பி அனுப்பும்போது, விமானம் பறந்துகொண்டிருக்கையிலேயே நீதிபதி தடையுத்தரவு கொடுத்தார். விமானம் டார்வினில் இறங்கியது. அங்கேயும் பிடித்து இறக்க யாரும் போகவில்லை. உத்தரவைக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

"அப்ப அந்த கார்சியா நல்ல மனுசனா டீச்சர்?"

எனக்குத் தெரியாது மகன். கெட்டவரென்றால் அதையும் நீதிபதிக்கு முன்னால்தான் சொல்ல வேணும், விமானத்தில் ஏற்ற முதல்.

பிள்ளை முழுதாக ஒத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. முதல் கேட்ட கேள்வியும் அப்படியே இருக்கிறது.